செயற்கை என்னும் பெயர்

ஒரு சொல்லின் பொருளை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? இலக்கணம் கற்றோரை நோக்கி இவ்வினாவை எழுப்பினால், சொல்லுக்குப் பொருள் தருவது உலக வழக்கு. வழக்கு மாறினால் பொருளும் மாறும் என்று விடை கூறுவர். அவ்விடை பிழையன்று. ஆயின், வழக்குத் தானாக மாறுவதும் உண்டு, மாற்றப்படுவதும் உண்டு. மாற்றுவோர் யாவர், மாற்றத்தின் ஆதாயம் எவரைச் சென்றடைகின்றது என்னும் கேள்விகள் இலக்கணத்தின் எல்லையைக் கடந்து அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. இவற்றை ஆராய்வதற்கு இலக்கியத்திலிருந்து ஓர் உதாரணத்தை நான் எடுக்கப் போவதில்லை. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் ஊற்றப்படும் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொள்ளப் போகின்றேன்.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவிலே இரு பெரும் எண்ணெய்க் கம்பனிகளுக்கு இடையே எழுந்த பிணக்கொன்று தீர்த்துவைக்கப்பட்டது. மோபில் என்னும் கம்பனி முறையிட்டது. கஸ்ட்ரோல் என்னும் கம்பனி மறுமொழி கூறியது. பிணக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. கஸ்ட்ரோல் விற்ற ஓர் எஞ்சின் எண்ணெயைச் 'செயற்கை எண்ணெய்' என அழைக்கலாமா, ஆகாதா என்பதே அது. இரண்டு இராட்சதர்கள் ஒரு பெயரடைக்காக மோதிக்கொண்டால் நமக்கென்ன என்று எண்ணத் தோன்றும். ஆனால், அங்கே தீர்மானிக்கப்பட்ட விடயம் நமது அன்றாட வாழ்வின் பல துறைகளுக்கும் பொருந்துவது. அதை விளங்கிக்கொள்ள முதலில் பொருளை அறிய வேண்டும். பின்பு பெயரைப் பற்றிப் பேசலாம்.

ஒன்றோடொன்று உரசி இயங்கும் உலோகப் பகுதிகளுக்கிடையே மெல்லிய திரவப் படலமாக நின்று, உராய்வையும் தேய்வையும் குறைப்பது உராய்வுநீக்கி எண்ணெயின் முதற் கடமை. வெப்பத்தை அகற்றுதல், அழுக்கைச் சுமந்து செல்லுதல், துருப்பிடியாமற் காத்தல் என வேறு கடமைகளும் அதற்கு உண்டு. தகரப் பேணியில் வரும் எஞ்சின் எண்ணெய் தனிப்பொருளன்று. நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு வரை அதன் உடலாக இருப்பது அடிப்படை எண்ணெய். எஞ்சியவை, எண்ணெய் கெடாமற் காப்பன, கரி படியாமற் தடுப்பன, தேய்வைக் குறைப்பன முதலிய சேர்க்கைப் பொருள்கள். ஆகவே, ஓர் எண்ணெய் எத்தகையது என்ற கேள்வி பெரும்பாலும் அதன் அடிப்படை எண்ணெய் எத்தகையது என்ற கேள்வியே.

அடிப்படை எண்ணெயைப் பெறும் பழைய வழி தெரிவு செய்வது. கச்சா எண்ணெயை வடித்துப் பிரித்து, வேண்டிய பாரமுள்ள பகுதியை எடுத்து, கரைப்பான்களைக் கொண்டு வேண்டாதவற்றைக் கழுவி நீக்கி, குளிரவைத்து மெழுகை அகற்றுவர். அரிசியைப் புடைத்துக் கல்லும் உமியும் நீக்குவதைப் போன்றது இது. எவ்வளவு புடைத்தாலும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சத்திலிருந்து உருவான அந்தக் கலவையில் பலவகை மூலக்கூறுகள் எஞ்சியே இருக்கும். கடுங்குளிரில் உறைவன சில. கடும் வெப்பத்தில் ஒட்சிசனோடு கூடிப் பிசினாவன சில. கந்தகம் ஏந்தியன சில. மெழுகு நீக்கிய சாதாரண எண்ணெய் −15 பாகை செல்சியசு அளவிலேயே ஓட மறுத்துவிடும்.

மற்றொரு வழி கட்டியெழுப்புவது. எதிலீன் என்னும் சிறு வாயு மூலக்கூறுகளைச் சேர்த்துப் பத்துக் காபன் கொண்ட டெசீன் என்னும் பொருளை ஆக்கி, அதனை ஓர் ஊக்கியின் துணையோடு மூன்றாகவும் நான்காகவும் இணைத்து, இறுதியில் ஐதரசனை ஏற்றி நிலைபெறச் செய்கின்றனர். இங்ஙனம் பெறப்படுவது பொலி அல்பா ஒலிபீன். அமிலத்தையும் மதுசாரத்தையும் கூட்டி ஆக்கப்படும் எசுத்தர்கள் வேறொரு வகை. இவற்றிலே மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவின. மெழுகும் இல்லை, கந்தகமும் இல்லை. −50 பாகைக்குக் கீழும் ஓடும் எண்ணெயை இவ்வழியிற் செய்யலாம். இவற்றுக்கே 'செயற்கை' என்னும் பெயர் முதலில் வழங்கியது.

இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1877இல் பிரான்சில் பிரீடலும் கிராவ்ற்சும் ஆய்வுகூடத்திலே ஐதரோகாபன் எண்ணெய்களைத் தொகுத்தனர். 1929இல் அமெரிக்காவின் இந்தியானா ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனி அத்தகைய எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றது. வாங்குவார் இன்றி அம்முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஜேர்மனியே இத்துறையின் பட்டறையாயிற்று. தன் மண்ணிலே போதிய எண்ணெய் வளமற்ற நாடு போருக்கு ஆயத்தமாகியது. ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தின் ஹேர்மன் சோர்ன் என்னும் இரசாயனவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான எசுத்தர்களை ஆக்கிச் சோதித்தனர். அவுஷ்விற்சை அடுத்த மொனோவிற்சில் கைதிகளின் உடலை உருக்கிச் செயற்கை இரப்பர்த் தொழிற்சாலையைக் கட்டிய நிறுவனமும் அதுவே. அந்நாட்களில் 'செயற்கை' என்ற சொல் பொதுமக்கள் காதில் 'போலி', 'இல்லாக் குறைக்கு வந்தது' என்றே ஒலித்தது.

அச்சொல்லின் மதிப்பை உயர்த்தியது தாரை விமானம். சுழலியின் வெப்பத்தையும் வானத்து உயரத்தின் குளிரையும் ஒருங்கே தாங்கக் கனிய எண்ணெயால் இயலவில்லை, எசுத்தர்களால் இயன்றது. 1950களிலிருந்து இன்றுவரை தாரை எஞ்சின்களில் ஓடுவன எசுத்தர் எண்ணெய்களே. 1970களில் அத்தகைய எண்ணெய்கள் சாதாரண மோட்டார் வண்டிக்கும் வந்தன. விமானிகளும் பொறியியலாளரும் தேடித் தந்த நம்பிக்கை பேணியின் மேலே அச்சிட்ட ஒரு சொல்லில் வந்து குவிந்தது. 'செயற்கை' என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் பரவியது. உயர்ந்த விலையும் அதனோடு வந்தது.

இதற்கிடையிலே மூன்றாவது வழியொன்று வளர்ந்தது. கச்சா எண்ணெயின் பாரமான பகுதியை எடுத்து, உயர்ந்த வெப்பத்திலும் பேரமுக்கத்திலும் ஊக்கிகளின் மீது ஐதரசனோடு செலுத்தினால் வளைய மூலக்கூறுகள் திறந்துகொள்கின்றன. கந்தகம் கழன்று போகின்றது. உறையும் மெழுகும் உருமாறி உறையா எண்ணெயாகின்றது. இஃது ஐதரசன் கொண்டு உடைத்தல் எனப்படும். அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. பழைய முறையிற் சுத்திகரித்தவை முதலாம் தொகுதி. ஐதரசனாற் பண்படுத்தியவை இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் அடங்குவன. மூன்றாம் தொகுதிக்குரிய நிபந்தனைகள் மூன்று: நிரம்பிய மூலக்கூறுகள் நூற்றுக்கு 90க்குக் குறையாமை, கந்தகம் நூற்றுக்கு 0.03க்கு மேற்படாமை, வெப்பநிலை மாறினும் பாகுத்தன்மை எவ்வளவு நிலைத்து நிற்கும் என்பதைக் காட்டும் சுட்டெண் 120க்குக் குறையாமை. பொலி அல்பா ஒலிபீன் நான்காம் தொகுதி. எசுத்தர் உள்ளிட்ட ஏனையவை ஐந்தாம் தொகுதி.

1990களின் பிற்பகுதியில் கஸ்ட்ரோல் கம்பனி தனது 'சின்ரெக்' என்னும் எண்ணெயிலே நான்காம் தொகுதி அடிப்படை எண்ணெயை நீக்கி, ஆக்கச் செலவு குறைந்த மூன்றாம் தொகுதி எண்ணெயை இட்டது. பேணியின் பெயர் மாறவில்லை. செயற்கை என்னும் அடைமொழியும் மாறவில்லை. இது வாங்குவோரை ஏமாற்றுவது என மோபில் முறையிட்டது. முறையீட்டை விசாரித்தது நீதிமன்றமன்று. விளம்பரத் தொழிலினர் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்துவதற்கென அமைத்த தேசிய விளம்பரப் பிரிவு. மூலக்கூறுகள் இரசாயன மாற்றத்துக்கு உள்ளாகியுள்ளமையால் இதுவும் தொகுப்பே எனக் கஸ்ட்ரோல் வாதிட்டது. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கமும் பெற்றோலியக் கழகமும் 1990களில் தமது ஆவணங்களிலிருந்து 'செயற்கை' என்பதன் வரைவிலக்கணத்தை ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தன. தேசிய விளம்பரப் பிரிவு, கஸ்ட்ரோலின் கூற்றுக்கு நியாயமான அடிப்படை உண்டு என முடிவு செய்தது. அதன் பின்னர் ஏனைய கம்பனிகளும் அவ்வழியே சென்றன. இன்று அமெரிக்காவில் 'முழுச் செயற்கை' என்னும் பெயரோடு விற்கப்படும் எஞ்சின் எண்ணெய்களிற் பெரும் பகுதி மூன்றாம் தொகுதியைச் சார்ந்தது. ஜேர்மனியிலோ இவ்வகை எண்ணெய்களை முழுச் செயற்கை என்னாது, ஐதரசன் கொண்டு உடைத்ததைச் சுட்டும் வேறொரு பெயரால் வழங்குகின்றனர்.

இனி, இம்முடிவுக்குச் சார்பான நியாயங்களை அவற்றின் முழு வலிமையோடு நோக்குவோம். எதிராளியின் நியாயத்தை மெலிதாக்கிக் காட்டி வெல்வது ஆராய்ச்சியாகாது.

முதலாவது நியாயம் இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையே உள்ள கோட்டைப் பற்றியது. 1828இல் வோலர் என்னும் ஜேர்மானியர், உயிருள்ள உடலிலே மாத்திரம் தோன்றுவதெனக் கருதப்பட்ட யூரியாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஆக்கிக் காட்டினார். உடல் ஆக்கிய யூரியாவுக்கும் அவர் ஆக்கிய யூரியாவுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. மூலக்கூறு தன் பிறப்பை நினைவில் வைத்திருப்பதில்லை. மேலும், பொலி அல்பா ஒலிபீனுக்கு மூலமான எதிலீனும் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ வருவதுதான். இன்னுமொரு விசித்திரமும் உண்டு. கட்டார் நாட்டின் ராஸ் லபான் நகரில் 2011 முதல் இயங்கும் பேர்ள் தொழிற்சாலை, இயற்கை வாயுவை முற்றாகச் சிதைத்து, பிஷர், துரோப்ஸ் என்போர் கண்ட முறைப்படி மீண்டும் கட்டியெழுப்பி எண்ணெய் செய்கின்றது. இதனைத் தொகுப்பு அன்று என்று எவராலும் கூற முடியாது. எனினும், அட்டவணையிலே அதன் இடம் மூன்றாம் தொகுதி. ஆகவே 'உண்மையான செயற்கை' என்னும் கோடு இயற்கையில் வரையப்பட்டதன்று; மனிதர் வரைந்தது.

இதை முற்றாக ஏற்றுக்கொள்வோம். ஆயினும், கோடு மனிதர் வரைந்தது என்பதிலிருந்து, விரும்பிய மனிதர் விரும்பியபோது அதை அழித்து வரையலாம் என்னும் முடிவு பிறக்குமா? யாழ்ப்பாணத்து வளவுகளின் எல்லைகளை இயற்கை வகுக்கவில்லை. கதியால் நட்டு மனிதர் வகுத்தனர். அதனால், இருளிலே கதியாலை ஒரு முழம் நகர்த்தி நடுபவனை நாம் தத்துவஞானி என்று அழைப்பதில்லை. எல்லை மனிதர் உடன்பாட்டால் அமைந்தது என்பதனாலேயே, உடன்பாடு இன்றி அதை நகர்த்துவது குற்றமாகின்றது. மலையையும் ஆற்றையும் எவராலும் களவாக நகர்த்த முடியாது. உடன்பாட்டையே நகர்த்த முடியும். ஆகையால், மனிதர் வகுத்த எல்லைக்கு இயற்கை வகுத்த எல்லையை விடக் காவல் அதிகம் வேண்டும்.

இரண்டாவது நியாயம் மொழியின் இயல்பைப் பற்றியது. சொற்கள் விரிவடைவன. இதற்கு நம் மொழியின் 'எண்ணெய்' என்ற சொல்லை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்று தேங்காயிலிருந்து பிழிவதும் எண்ணெய். ஆமணக்கிலிருந்து வடிப்பதும் எண்ணெய். எள்ளையே காணாத நிலத்தின் ஆழத்திலிருந்து இறைப்பதும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விற்றவனைப் பார்த்து, எள் எங்கே என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. கஸ்ட்ரோல் என்னும் பெயரே இத்தகையது. ஆமணக்கெண்ணெய் கலந்து செய்த ஓர் உராய்வுநீக்கிக்கு, ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அடியாகக் கொண்டு 1909இல் இடப்பட்ட பெயர் அது. இன்று அப்பெயரைத் தாங்கி வரும் எஞ்சின் எண்ணெயில் ஆமணக்கைத் தேடுவார் இல்லை. எண்ணெய் என்ற சொல் விரிந்தது சரியென்றால், செயற்கை என்ற சொல் விரிந்தது எங்ஙனம் தவறாகும்?

இந்த ஒப்புமையைச் சற்று நின்று ஆராய்ந்தால் உண்மை வெளிப்படும். 'எண்ணெய்' விரிவடைந்தபோது நம் மக்கள் இரண்டு காரியங்களைச் செய்தனர். புதிதாக வந்த ஒவ்வொன்றுக்கும் அதன் பிறப்பிடத்தைக் கூறும் அடைமொழி கொடுத்தனர்: தேங்காய் எண்ணெய், ஆமணக்கெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய். பழைய எள்ளின் நெய்க்கு, அதன் தனித்தன்மை இழந்துபோகாதவாறு, நல்லெண்ணெய் என்று புதுப்பெயர் சூட்டினர். சொல் விரிந்தது; வேற்றுமை அழியவில்லை. சந்தைக்குச் சென்ற ஏழைப் பெண்ணும் தான் வாங்குவது இன்னதென்று அறிந்தே வாங்கினாள். அமெரிக்கச் சந்தையில் நடந்தது இதன் மறுதலை. இரண்டு பொருள்களுக்கு இடையே இருந்த வேற்றுமையைக் காட்டிய ஒரே அடைமொழி, இரண்டுக்கும் பொதுவாக்கப்பட்டது. பழைய பொருளைக் குறிக்கப் புதுச்சொல் எதுவும் மக்களிடம் கொடுக்கப்படவில்லை. பொலி அல்பா ஒலிபீன் என்ற இரசாயனப் பெயரை மனனம் செய்துகொண்டு கடைக்குப் போகுமாறு ஒரு லொறிச் சாரதிக்கு உபதேசம் செய்வது பரிகாசமே அன்றிப் பரிகாரம் அன்று.

இங்கிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். சொல்லை வழங்கும் மக்களே வெளிப்படையாக, வேற்றுமைகளைக் காத்தபடி அதனை விரிப்பது மொழி வளர்ச்சி. பழைய பொருளின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையைச் செலவிட்டு, அந்தச் செலவால் ஆதாயம் பெறுவோர், அறிவியாமல் விரிப்பது வேறொன்று. அதற்கு மொழி வளர்ச்சி என்று பெயரிடுவதும் ஒரு பெயர் மோசடியே.

மூன்றாவது நியாயமே மிகுந்த வலிமை உடையது. பயன் ஒன்றானால் பெயர் எதுவானால் என்ன என்பது அது. மூன்றாம் தொகுதி எண்ணெய் நன்கு ஆக்கப்பட்டு, தகுந்த சேர்க்கைப் பொருள்களோடு வந்தால், சாதாரண வண்டிக்குச் சாதாரண தட்பவெப்பத்தில் அது போதுமானது மட்டுமன்று. பழைய கனிய எண்ணெயை விட மிக மேலானது. பொறியியலாளர் சங்கங்கள் பிறப்பைப் பற்றிய வரைவிலக்கணத்தைக் கைவிட்டுச் செயற்றிறனை அளக்க முற்பட்டதிலும் நியாயம் உண்டு. குலத்தைக் கேளாதே, குணத்தைக் கேள் என்பது முற்போக்காளர் சொல்ல வேண்டிய வார்த்தை அல்லவா? அருமையான பொருளுக்கு இணையான பொருளைக் குறைந்த செலவில் ஆக்கும் வழியைத் தொழில்நுட்பம் கண்டுபிடித்தால் அதை வரவேற்பதே முறை அல்லவா?

ஆம், வரவேற்பதே முறை. அவ்வாறாயின் அந்தச் செய்தியையே உரத்துக் கூறியிருக்க வேண்டும். 'உடைத்தும் திருத்தியும் புதுவழியில் எண்ணெய் செய்துள்ளோம். கடுங்குளிர் நாடுகளுக்குப் பழையது சிறந்தது. ஏனையோருக்கு இது போதும். இதன் ஆக்கச் செலவு குறைவு' என்று பறைசாற்றியிருந்தால் அஃது ஒரு முன்னேற்றத்தின் அறிவிப்பாக இருந்திருக்கும். இவ்வாறு கூறாது, பழைய பெயரின் பின்னால் புதிய பொருள் நிறுத்தப்பட்டது. பயன் ஒன்றே என்று உண்மையில் நம்புவோருக்குப் பிறப்பை மறைக்க வேண்டிய தேவை என்ன?

இதனைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. பயனை அளப்பவர் யார்? குணத்தைக் கேள் என்பது, குணத்தை அறியும் வழி கேட்பவனிடம் உள்ளபோதே பொருந்தும். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். துணியைத் தடவிப் பார்க்கலாம். எஞ்சினுக்குள் ஊற்றிய எண்ணெய் தன் கடமையைச் செய்ததா என்பது பல்லாயிரம் மைல் ஓடிய பின்பே தெரியும். அப்போதும், தேய்வுக்குக் காரணம் எண்ணெயா, சாரதியா, றோட்டா என்று பிரித்தறிய இயலாது. ஆய்வுகூடம் கம்பனியிடம் உண்டு. வண்டி ஓட்டிப் பிழைப்பவனிடம் இல்லை. அவன் கையில் உள்ள ஒரே கருவி பேணியின் மேலுள்ள சொல். அறிவிலே சமமற்ற இருவருக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலில், சொல் வெறும் அடையாளமன்று, அது வாக்குறுதி. வாக்குறுதியின் பொருளைக் கொடுத்தவனே பின்னர் தீர்மானித்துக்கொள்ளலாம் என்றால் வாக்குறுதி என்று ஒன்று உலகில் இல்லை.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலே கார்ல் மார்க்ஸ் பண்டத்தின் மாயத்தைப் பற்றி எழுதினார். மனிதருக்கு மனிதர் உள்ள உறவு, சந்தையிலே பொருளுக்குப் பொருள் உள்ள உறவாக வேடம் பூண்டு நிற்கின்றது. பண்டத்தைக் காண்கின்றோம், அதை ஆக்கிய உழைப்பைக் காண்பதில்லை. எண்ணெய்ப் பேணி இந்த மாயத்தின் முதிர்ந்த நிலை. உழைப்பு மறைவதோடு நில்லாது, பண்டம் என்ன பொருள் என்பதும் மறைந்துவிட்டது. எஞ்சி நிற்பது பெயர் மாத்திரமே. அப்பெயரைப் பற்றிய பிணக்கும் யாரிடையே எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முறையிட்டவர் வாங்கி ஏமாந்தவரல்லர், போட்டி வணிகர். தீர்ப்பளித்தவர் விளம்பரத் தொழிலின் காவலர். எண்ணெயை வாங்குவோரும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளரும் அந்தப் பிணக்கிலே ஒரு தரப்பினராக இருக்கவில்லை. வரைவிலக்கணத்தைக் காத்திருக்க வேண்டிய அறிவாளர் சங்கங்கள் அதைக் கைவிட்டு ஒதுங்கின. காவலற்ற வளவை வலியவன் வேலியடைத்துக்கொண்டான். அறிவாளர் வர்க்கத்துக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. ஒரு சொல் கறைபட்டுவிட்டது, இனி அது நமக்கு வேண்டாம் என்று நாம் கைகழுவும்போது சொல் இறந்துபோவதில்லை, அது கைமாறுகின்றது.

இயற்கை, செயற்கை என்னும் இச்சொற்களைப் பற்றித் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்துள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இரண்டுக்கும் தனித்தனி வாக்கிய அமைதி கூறுகின்றது. இயல்பாக உள்ள பொருளை, அது இத்தன்மையது என்று கூறினால் அமையும். செய்து முடித்த பொருளையோ ஆக்கச் சொல்லோடு, அதாவது 'ஆயிற்று' என்னும் கருத்துத் தோன்றக் கூற வேண்டும். அந்த ஆக்கத்துக்குக் காரணத்தை முதலிலே கூற வேண்டும். உரைகாரர் தரும் உதாரணங்கள் கருதத் தக்கன. நிலம் வலிமை உடையது, தீ வெம்மை உடையது என்பன இயற்கைக்குக் காட்டு. செயற்கைக்கு அவர்கள் காட்டுவது வயலை: எருவிட்டு, களை பிடுங்கி, நீர் பாய்ச்சியதனாலே பயிர் நல்லவாயின என்பது அதன் கருத்து. பயிர் நல்லது என்று கூறிவிட்டு நிறுத்தக்கூடாது. எரு சுமந்த கையும், களை பிடுங்கிய கையும், நீர் பாய்ச்சிய கையும் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

இலக்கணிகள் அறநூல் எழுதவில்லை. வாக்கியம் அமைக்கும் முறையையே வகுத்தனர். உலக வழக்கிலே காரணம் கூறாது விடுவதும் உண்டு என்று அதே நூல் இடமும் அளிக்கின்றது. கேட்போனுக்குக் காரணம் தெரிந்திருக்கும்போது அதைக் கூறாது விடுவதில் தீங்கில்லை. ஆயினும், இந்த விதியிலே நம் காலத்துக்கு வேண்டிய ஓர் அறம் மறைந்து கிடக்கின்றது. இயற்கைப் பொருளுக்கு வரலாறு கூறவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. செயற்கைப் பொருளுக்கு உண்டு. செயற்கை என்று ஒரு பொருளுக்குப் பெயரிடுபவன், எதிலிருந்து, எம்முறையால், எவர் கையால் ஆயிற்று என்னும் கேள்விகளைத் தன் மேல் ஏற்றுக்கொள்கின்றான். 'செயற்கை' என்ற சொல்லைப் பெருமைக்கு அணிந்துகொண்டு, ஆக்கத்தையும் காரணத்தையும் கூற மறுப்பது, அச்சொல்லின் உடலை வைத்துக்கொண்டு உயிரைப் போக்குவதாகும். மொனோவிற்சின் கைதிகளை நினைப்போமானால், ஆக்கத்தின் காரணத்தைக் கூறுதல் இலக்கண நயம் மாத்திரமன்று என்பது விளங்கும்.

இத்தனையும் எண்ணெயைப் பற்றி மட்டும் கூறியதன்று என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். 1977இல் நமது நாட்டிலே ஆட்சிக்கு வந்த அரசாங்கம் பொருளாதாரத்தைத் தனியார் முதலுக்கும் அந்நிய முதலுக்கும் திறந்துவிட்டது. அதே அரசாங்கம் 1978இல் இயற்றிய அரசியலமைப்பு நாட்டுக்குச் சூட்டிய பெயர் 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு' என்பது. சோசலிசம் என்ற சொல்லுக்காக இந்நாட்டின் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பல தலைமுறையினர் உழைத்து மதிப்புத் தேடிவைத்திருந்தனர். பேணிக்குள் இருந்தது மாறியபோது, அந்த மதிப்பு மட்டும் பேணியின் மேலே ஒட்டிவைக்கப்பட்டது. இன்றும் அப்பெயர் நீக்கப்படவில்லை. அச்சொல்லைக் கேட்டு நகைக்கும் இளைஞரைக் காணும்போதெல்லாம், கதியாலை நகர்த்தியவருக்கு வளவு மட்டுமன்றி, வளவைப் பற்றிய நினைவும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே எண்ணத் தோன்றுகின்றது.

பிறரை மட்டும் குற்றஞ் சாட்டி இதை முடித்துவிட முடியாது. இடதுசாரி இயக்கங்களும் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றியதுண்டு. மக்கள் என்று கூறி மக்களில் ஒரு பகுதியை மாத்திரம் கருதியதும், ஒற்றுமை என்று கூறிக் கீழ்ப்படிதலைக் கருதியதும் இந்நாட்டின் வரலாற்றிலும் பிற நாடுகளின் வரலாற்றிலும் காணக்கிடக்கின்றன. அங்கும் இதே மூன்று நியாயங்கள் கூறப்பட்டன. கோடு இயற்கையானதன்று, சொற்கள் விரிவடைவன, பயன் ஒன்றே. கம்பனியின் வாயில் வந்தால் ஒரு நியாயத்தை இழிந்ததென்றும், நமது வாயில் வந்தால் அதனையே உயர்ந்ததென்றும் கொள்வது அறிவு நேர்மையாகாது.

செய்யத்தக்கது யாது? எண்ணெயைப் பொறுத்தவரை விடை எளிது. நம் நாட்டுக் கடைகளிலும் 'செயற்கை', 'அரைச் செயற்கை' என்னும் பெயர்களோடு பேணிகள் அடுக்கப்பட்டுள்ளன. எந்தத் தொகுதியைச் சார்ந்த அடிப்படை எண்ணெய், நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பேணியிலே அச்சிட வேண்டும் எனச் சட்டம் செய்வது எந்த அரசாங்கத்துக்கும் கடினமானதன்று. அவ்வாறு அச்சிட்டபின், வியாபாரி தன் எண்ணெய்க்கு எந்த அலங்காரப் பெயரையும் சூட்டிக்கொள்ளட்டும். வேற்றுமையை அறியும் வழி வாங்குவோன் கையில் இருக்கும்வரை சொல் விரிவதால் தீங்கில்லை.

பெரிய சொற்களைப் பொறுத்தவரை அத்தகைய சட்டம் எதுவும் துணைக்கு வாராது. அங்கே காவல் நிற்க வேண்டியோர் சொல்லைக் கற்பிப்போரும் கற்போருமே. வகுப்பறையிலே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவிக்கும்போது அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல், இச்சொல்லுக்கு இப்பொருளைத் தந்தவர் யார், எப்போது தந்தனர், இதனால் எவர் வேலி எப்பக்கம் நகர்ந்தது என்று கேட்கப் பழக்கினால், மாணவன் பேணியையும் வாசிப்பான், அரசியலமைப்பையும் வாசிப்பான், நமது பிரசுரங்களையும் அதே கண்ணோடு வாசிப்பான். அவன் நம்மிடமே காரணம் கேட்கும் நாளில், சொல்ல வேண்டிய கடமை நமக்கும் உண்டு.